காலர்

பதினான்காம் எண்ணைத்
தியோ அங்கிள் அமுக்கிவிட்டார்.
அவர் மேல் தப்பில்லை.
கையில் காய்கறிப் பை, முகத்தில் நல்லெண்ணம்,
எங்கள் மாடி அவருக்குத் தெரியும்.

அமுக்கவேண்டியவன் தர்வின்.
காலையில் சப்பாத்து மாட்டும்போதே
சொல்லி வைத்திருந்தான்.
நான்கு வயதில் அது ஒரு பதவி.

கதவு மூடுவதற்குள் தரையில் கிடந்தான்.
பாயா தெருபோங் அடுக்குமாடியின் பழைய லிப்ட்டில்
அலறல் வெளியே போக வழியின்றி
சுவரில் முட்டி
எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது.
மூன்று. நான்கு. ஐந்து.
அங்கிள் பிஸ்கட் தேடிப் பையைத் துழாவினார்.
ஆறு.
"காசியான்" என்றார் ரொஹானா மக்சிக்.
பாவம் என்றது அவனையா, என்னையா?

எனக்குள் ஒரு கை எழுந்தது.
அது எழும் விதம் எனக்குப் பழக்கம்.
தோளில் தொடங்கும்
முழங்கையில் சூடேறும்
விரல்களுக்கு வரும்போது யார் பேச்சையும் கேட்காது.
பாயான் லெப்பாஸில்
இரவு ஷிப்ட் முடித்துவந்த கை.
ஊசிமுனைப் பிழையையும் லென்ஸின் கீழ் பிடித்துவிடும்.
தன் பிழையை மட்டும்
அடித்த பிறகுதான் பார்க்கும்.

அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.
அங்கே வீட்டுச் சாவி கிடந்தது.
பிடித்துக்கொண்டது,
பற்கள் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு.

பதினான்கில் அவனைத் தூக்கி இறக்கி
நடைவழியில் உட்கார்ந்தேன்.
அவனை உட்காரச் சொல்லவில்லை.
அவன் செருப்பு அலமாரியை உதைத்தான்.
ஒரு ஜோடி விழுந்தது, பக்கத்து வீட்டுடையது.

ஏன் அழுகிறாய் என்று கேட்க வாய் வந்தது.
தண்ணீரில் மூழ்குகிறவனிடம்
ஊர் பேர் விசாரிப்பதா?
"நீ அமுக்க நினைச்ச. அவர் அமுக்கிட்டார்."
அவ்வளவுதான் சொன்னேன்.
பிறகு மூச்சைக் கொஞ்சம் சத்தமாக விட்டேன்.
அவனுக்குக் கற்றுத்தர என்று
மேகலாவிடம் பிறகு சொல்லிக்கொண்டேன்.
உண்மையில் எனக்குத்தான் தேவைப்பட்டது.

எதிரே மலை.
மேகம் பாதிவரை இறங்கி
பெய்வதா வேண்டாமா என்று நின்றிருந்தது.
பதினோரு நிமிடம்.
கைபேசியில் பார்த்தேன்,
பார்த்திருக்கக் கூடாது.

அலறல் விம்மலானது, விம்மல் விக்கலானது.
என் விலாவில் முதுகை வைத்தான்,
முகத்தைக் காட்டவில்லை.
சட்டைக் காலரை வாய்க்குள் இழுத்து
மெல்லத் தொடங்கினான்.

பாலர் பள்ளியில் சிகு நோர்லைலா
இதைச் சொன்ன அன்று
புகார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.
சிரித்தார்.
போன மாதம் பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பானாம்,
இப்போது சட்டையைக் கடிக்கிறானாம்.
கடிக்கும் முன்
ஒரு கணம் நிற்கிறானாம்.
வாய் திறந்தபடி,
எதை என்று தேடுகிறவனைப் போல.

அந்த ஒரு கணத்துக்கு
என்ன விலை கொடுக்கலாம்?
எங்கள் ஜன்னல் மூங்கிலில் ஏழு சட்டைகள்
ஏழிலும் நைந்த காலர்.
புதுசு வாங்கலாமா என்கிறாள் மேகலா.
வாங்கலாம்.
இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்.

மறுநாள் மாலை அதே லிப்ட்.
தியோ அங்கிள் இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்,
தேசியகீதம் ஒலிப்பதைப் போல.
"நீ அமுக்கு, போய்" என்றார்.

தர்வின் முன்னே வந்தான்.
நுனிக்காலில் நின்றான்.
பதினான்கை அமுக்கினான்.
பிறகு பதிமூன்றை, பன்னிரண்டை, பதினொன்றை,
விரல் போன வழியெல்லாம்
விளக்கு எரிய எரிய,
ஒன்றுவரை.

முதல் மாடியில் கதவு திறந்தது.
யாருமில்லை.
மூடியது.
இரண்டில் திறந்தது.
ரொஹானா மக்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.
அங்கிள் கூரையைப் பார்த்தார்.
மூன்று.
என் கை பைக்குள் போய்ச்
சாவியைத் தேடியது.