எழுபத்தேழு மில்லிமீற்றர்

ஸ்ரான்லி றோட்டுக் கடையிலை
ரெஜினோல்ட் ரெண்டு வட்டத்தை எடுத்து வைக்கிறான்.
ஒண்டு ரெண்டாயிரத்து நானூறு,
மற்றது இருபத்தாறாயிரம்.
ரெண்டுக்குள்ளாலையும்
அவன்ரை கைரேகை ஒரேமாதிரித்தான் தெரியுது.

லென்சுக்கு இன்னும் பதினொரு தவணை கிடக்கு.
ஐஞ்சாம் திகதி
லீசிங் கொம்பனிப் பெடியன் கோல் எடுக்க முன்னம்
நான் எடுத்துவிடுவன்,
அதிலை ஒரு மானம்.
முகத்திலை ஒரு கீறல் விழுந்தால்
கீறலுக்கும் சேர்த்துத்தான் வட்டி.

பண்ணைப் பாலத்திலை உப்புக் காத்து.
கோப்பாயிலை செம்மண்.
தாலி ஏறுற நேரம்
எங்கையிருந்தெண்டு தெரியாமல் வாற அறுகரிசி.
பூப்போலத்தான் எறிவினம்,
கண்ணாடிக்கு அது கல்லு.

போன ஆவணியிலை மலிவானதை வாங்கினன்.
பகல் முழுக்க ஒரு குறையும் சொல்லேலாது.
அளவெட்டியிலை இரவு முகூர்த்தம்.
விடியக் கணனியிலை பெரிசாக்கிப் பார்க்க
பொம்பிளையின்ரை கன்னத்திலை
தலைகீழாய், பச்சையாய்
இன்னொரு குத்துவிளக்கு எரியுது.
ரெண்டு கண்ணாடிக்கு நடுவிலை
வெளிச்சம் வழிதவறி நிண்ட இடம்.

நாற்பத்தொரு படத்திலை அந்த விளக்கை அணைச்சன்.
ஒண்டிலை கண் தப்பிப்போச்சு.
அதைத்தான் பெரிசாய் அடிச்சு
விறாந்தையிலை கொழுவினவை.
"இதென்ன பிள்ளை, நாங்கள் ஏத்தாத விளக்கு?"
எண்டு கேட்டா கோகிலவதனி அம்மா.
வெளிச்சம் பட்டது எண்டன். பொய்யில்லை.
காசு ஒரு சதமும் குறைக்கேல்லை அவ.
இளையவளின்ரை கலியாணத்துக்கு
வேறை ஆளைப் பிடிச்சா.

அதே மலிவுக் கண்ணாடிதான்
மார்கழிக் காத்திலை, காரைநகர்க் கடற்கரையிலை
முக்காலி சரிஞ்சு கல்லிலை அடிபட
சிலந்தி வலைமாதிரி வெடிச்சுது.
வளையம் நெளிஞ்சு கழராமல் நிண்டுது.
புட்டுப்பானை தூக்கிற ரப்பர்த் துண்டைச் சுத்தி
மூச்சைப் பிடிச்சுத் திருகினன்.
உள்ளுக்கு,
நாலு லட்சத்தின்ரை முகத்திலை
ஒரு பொட்டும் இல்லை.
தூளெல்லாத்தையும் பேப்பரிலை மடிச்சு
குப்பையிலை போட மனமில்லாமல்
ரெண்டு நாள் மேசையிலை வைச்சிருந்தன்.

"இஞ்சை பாருங்கோ அக்கா" எண்டு
ரெஜினோல்ட் ரெண்டையும் ரியூப் லைற்றுக்குக் கீழை பிடிக்கிறான்.
மலிவானதிலை லைற் முழுசாய், வெள்ளையாய்,
பக்கத்திலை என்ரை முகம்,
நெத்தியிலை வேர்வை.
விலைகூடினதிலை
மங்கலாய் ஒரு பச்சைக் கீற்று மட்டும்.
நான் இல்லை.
நல்ல கண்ணாடி எண்டால் அப்பிடித்தானாம்.

ஒண்டின்ரை காசுக்கு மற்றது பத்து.
பத்துத்தரம் விழலாம்.
ஆனா ஒரு விளக்கையும் ஒழுங்காய்ப் பார்க்கேலாது.

பில் எழுதச் சொன்னன், ரெண்டாயிரத்து நானூறுக்கு.
துடைக்கிற துணி சும்மா தந்தான்.
இரவுக்கு என்ன செய்வியள் எண்டு கேட்டான்.
விளக்கு ஏத்தக் கழட்டிப் பொக்கற்றிலை போடுவன்,
வெறும் லென்சோடை நிப்பன்,
அறுகரிசிக் கை உயர முன்னம்
ரெண்டடி பின்னாலை.