உசாத்துணைப் பகுதி

கொழும்பிலிருந்து லொறியில் வந்த மூன்று பெட்டிகளில்
ஒன்று நனைந்திருந்தது.
மல்லாவி நூலகத்துக்கு அன்பளிப்பு:
உலக விவகார ஆண்டேடுகள், உளவுத்துறைச் சொல்லகராதி,
பூகோளக் கொள்கைக் கையேடு பதினொரு தொகுதி.
ஏழாவதைக் காணவில்லை.
அனுப்பியவர் எந்தத் தூதரகத்தைக் காலிசெய்துகொண்டு போனாரோ,
கடிதத்தில் கையெழுத்து மட்டும் இருந்தது.

பதிவேட்டில் இலக்கம் போடுவது என் வேலை.
முதுகில் சிவப்பு வட்டம் ஒட்டவேண்டும்:
இரவல் தரப்படாது, இருந்து பார்க்கலாம்.

பசை காயும்வரை
கடைசித் தொகுதியின் சுட்டியில் வன்னியைத் தேடினேன்.
ஆங்கில அகரவரிசையில்
பெறுமதி சேர் வரிக்கும் வனாட்டுத் தீவுகளுக்கும் நடுவே
எங்களுக்கு ஒரு வரி இடமிருந்தது.
அதில் ஒன்றும் அச்சாகவில்லை.
இலங்கை, வடக்கு: காண்க, மோதல்கள்.
மோதல்கள்: காண்க, தீர்வுகள்.
தீர்வுகள்: காண்க, தொகுதி ஏழு.

பிறகு சொல்லகராதி.
தகவல் தருபவருக்கு ஓர் எழுத்து, தகவலுக்கு ஓர் எண்.
ஏ என்றால் முழுதும் நம்பத்தக்கவர்,
எஃப் என்றால் மதிப்பிட வழியில்லை.
ஒன்று, வேறிடத்திலும் உறுதிப்பட்டது.
ஆறு, மெய்யோ பொய்யோ சொல்வதற்கில்லை.

அந்த வருடத்து ஆவணியில் இது எங்கள் கையில் இருந்திருக்கலாம்.

பாண்காரச் சவிரிமுத்து சொன்னார்:
துணுக்காய்ச் சந்தியில் கடைக்கூரை கழற்றுகிறார்கள்.
அவருடைய பாணில் கல் இருக்கும், கதையில் இராது.
ஏ, ஒன்று.

தருமகுலன் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு
டைனமோவைச் சுற்றச் சுற்ற வானொலி பேசியது.
கை சோர்ந்த இடத்தில் அமைச்சரின் குரல் அமிழ்ந்தது.
ஓர் அலைவரிசை இருக்கச் சொன்னது, மற்றது எழும்பச் சொன்னது.
சி, ஐந்து. இரண்டுக்கும்.

வெள்ளை வாகனத்தில் வந்தவர்
"நாங்கள் உங்களோடு இருப்போம்" என்றார்.
அவருக்கு பி போடலாம், நல்ல மனிசன்.
அதைத் தமிழாக்கிய பெடியன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.
அந்தப் பார்வைக்கு ஏ, ஒன்று.

எறிகணைக்கு முன்னமே பங்கருக்குள் இறங்கிவிடும்
எங்கள் நாய்க்கு எழுத்தில்லை.
மேலே வண்டு இரைந்துகொண்டிருந்தது.
அது கொண்டுபோன எங்களை
எவர், எந்த மேசையில் தரம் பிரித்தாரோ.

ஆண்டேட்டில் ஒரு செய்மதிப் படம், பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
கடற்கரை, அதன்மேல் நெல் இறைத்ததுபோல் வெள்ளை.
கீழே: தற்காலிகக் கட்டமைப்புகள், அண்ணளவாக.
எங்கள் தறப்பாளின் மூலையில் யூரியாப் பையை வெட்டி
ஒட்டுப் போட்டிருந்தோம்.
உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.
புள்ளிகள் பெருத்தன,
தறப்பாள் ஆகவில்லை.

நாலு மணிக்குப் புவனேந்திரன் வந்தார்,
கால்நகத்தில் வயற்சேறு.
பேப்பர் படிப்பவர் இன்று பேப்பரைத் தொடவில்லை.
"தங்கச்சி, உந்தப் பெரிய புத்தகங்களில
யூரியா எப்ப மலியும் எண்டு போட்டிருக்கோ?"

போட்டிருந்தது. உரம், பக்கம் எண்பத்தெட்டு முதல்.
எரிவாயு, ஒரு நீரிணை, கப்பல் காப்புறுதி,
பெயரை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் வராத
ஒரு நாட்டில் சண்டை.
எனக்கு விளங்கியதைச் சொன்னேன்.
பாதியில் பிழை விட்டிருப்பேன், டி, மூன்று.

அவர் வரைபடத்தில் விரலை வைத்தார்,
வரம்பு பார்ப்பதுபோல் எல்லைக்கோட்டோடு நடத்தினார்.
யூரியாவை மறந்துபோனார்.
"இந்தச் சனம் எந்தப் பக்கத்தால வெளிக்கிடுதாம்?"

எத்தனை பேர் என்று இருந்தது.
எந்தப் பக்கத்தால் என்று இல்லை.

"ஆத்தைக் கடக்கவேணும் போல கிடக்கு" என்றார்,
"பாலம் இருக்குமோ?"
கொண்டுபோய் இரவிரவாகப் பார்த்துவிட்டுத் தரட்டோ என்று கேட்டார்.
சிவப்பு வட்டத்தைக் காட்டினேன்.
வட்டத்தின் ஓரம் இன்னும் ஈரம்.

ஐந்தரைக்குச் சபை வாசலைப் பூட்டும்.
யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தேன்,
அவர் பக்கத்து யன்னலைத் தவிர.
தொண்ணூற்றோராம் பக்கத்தில் இருந்தார்,
எழுத்துக்கூட்டி,
அந்த ஆற்றின் பெயரை.