டகரம் மொழிமுதல் வராது

இரவு பத்து மணிக்கு மின்வெட்டு.
ஏலம் முடிவது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு.
ஓவர்போர்ட்டில் ஆறாவது மாடி,
சமையலறை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினால்
கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் விழும்.
அப்படித் தொங்கிக்கொண்டு
ஒசாக்காவில் முகம் தெரியாத ஒருவரோடு
ஒரு இசைத்தட்டுக்காகச் சண்டை போட்டேன்.
நானூறு ராண்ட். நானூற்று இருபது.
கீழே டர்பன் முழுக்க இருட்டு,
யார் வீட்டு ஜெனரேட்டரோ இருமிக்கொண்டிருந்தது.
நானூற்று அறுபது.
அங்கே காலை ஏழாகப் போகிறது.
கடைசி நான்கு நொடியில்
ஒசாக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டது போலும்.

ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட தட்டு
ஜோகன்னஸ்பர்க் சுங்கக் கிடங்கில் நான்கு மாதம் கிடந்தது.
பொருள்: பழைய இசைத்தட்டு, ஒன்று.
வணிக மதிப்பு: இல்லை.
அந்த இல்லாத மதிப்புக்கு வரி நூற்றுப்பத்து.

பகலில் நான் எலும்புகளைப் படம் எடுப்பவள்.
விலா, முழங்கால், குளியலறையில் விழுந்தவர்களின் இடுப்பு.
அதனால் தட்டு வந்தால் உடனே கேட்பதில்லை,
விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பேன்.
மயிரிழைக் கீறலா, முறிவா.
பூஞ்சை என்றால் வடிநீரில் நாலு சொட்டுக் காடி.
இந்த ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் விட்டால்
அட்டைக்குத் தாடி முளைத்துவிடும்.
ஜன்னலைத் திறந்தாலோ குரங்கு.
போன மாதம் ஒன்று வந்து
பியானோக்காரரின் இடது கையை மட்டும் தின்றுவிட்டுப் போனது.

அடுக்குவதில்தான் தகராறு.
ஆண்டுவாரியாக வைத்தேன்,
பாதி அட்டைகளில் ஆண்டே இல்லை.
விலைவாரியாக வைத்தேன்,
எனக்கே வெட்கமாக இருந்தது.
பிறகு ஒரு ஞாயிறு முழுக்க
வாத்தியம் வாத்தியமாக, தமிழ் அகரவரிசையில்.
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்புகளில் படித்த இலக்கணத்தில்
ஒரே ஒரு விதிதான் ஒட்டியிருக்கிறது:
டகரம் மொழிமுதல் வராது.
ஆக, டிரம்பெட், டிராம்போன், டிரம்
மூன்றும் வாசலிலேயே நின்றன,
செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கும் விருந்தாளிகளாக.
சாக்ஸஃபோன் சகரத்தைப் பிடித்து உள்ளே போய்விட்டது
வயிற்றில் ஒரு ஆய்தத்தை ஒளித்துக்கொண்டு.
ஜாஸ் என்று எழுதிய அட்டைக்கே
கிரந்தத்தோடு கடைசி மூலை, துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

தண்டேகா வந்து பார்த்துச் சிரித்தாள்.
எங்கள் மொழியில் நாக்கைச் சொடுக்கவே மூன்று எழுத்து,
உன் மொழி இவ்வளவு கஞ்சமா என்றாள்.

அவள் முன்னால்தான் பொட்டலத்தைப் பிரித்தேன்.
வேறு அட்டை. வேறு தலைப்பு.
உள்ளே என்னிடம் ஏற்கெனவே இருக்கும் அதே உம்கேனி ஐவர்.
ஐந்நூற்று எழுபது ராண்ட்
என்று தண்டேகா மெதுவாகக் கூட்டிச் சொன்னாள்.

ஆனால் என் தட்டில்
இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில்
டிரம்பெட் மூச்செடுக்கும் இடத்தில் ஊசி தாவிவிடும்.
புதியதில் அந்த இடம் சுத்தம்,
கடைசியில் டிரம் மட்டும் வழுக்கி விழுகிறது.
தண்டேகா தன் பெட்டியைத் தூக்கிவந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
இரண்டு ஊசிகளையும் ஒன்றாக இறக்கினோம்.
பத்துச் சுற்றுக்குள் அவள் பெட்டி பின்தங்கியது.
ஐவர் பதின்மரானார்கள்,
ஒருவர் சொல்லி முடித்ததை இன்னொருவர்
அப்போதுதான் நினைவு வந்தவர்போலச் சொன்னார்.
என் டிரம்பெட் தாவிய இடத்தில்
அவளுடையது இன்னும் மூச்செடுத்துக்கொண்டிருந்தது.

எட்டு மணி. மின்சாரம் போனது.
பத்துப் பேரும் குரல் தடித்து, தடித்து,
ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன்.
இருட்டில் அவள் சும்மா இருக்கவில்லை,
ஒரு விரலால் தட்டைச் சுற்றினாள்.
ஊசியிலிருந்தே, ஒலிபெருக்கி இல்லாமல்,
கொசு அளவுக்கு ஒரு டிரம்பெட்.
காதை வைத்தால்தான் கேட்கும்.
சுருதி தள்ளாடியது, அவள் விரல் வலித்தபோதெல்லாம் இறங்கியது.

இதை எந்த அடுக்கில் வைப்பாய் என்றாள்.
நிறுத்தாதே,
முதலில் சுற்று என்றேன்.