பத்தொன்பது ஒன்றுகள்

பேர்லெவோக் போகும் மலைச்சாலையில்
தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது.
ஜனவரி. மதியம் இரண்டு மணி, இருட்டு.
பனி தள்ளும் வண்டிக்குள் குட்வெய்க்,
மடியில் கட்டம் போட்ட நோட்டு.
பின்னால் ஏழு வாகனங்கள்,
ஒன்றில் காட் மீன், ஒன்றில் தூங்கும் குழந்தை.
காற்று தணிந்தால்தான்
அவள் முன்னே போக, அவர்கள் பின்னே வரலாம்.

சாலையோரம் குச்சிகள்.
அக்டோபரில் அவளே துளையிட்டு நட்டவை,
கட்டையிலிருந்து முதல் வளைவு வரை.
முகப்பு விளக்கில் அவை

1111111111111111111

என்று தெரிந்த இரவில் பிடித்தது இந்தப் பைத்தியம்.

தனித்தனியே பார்த்தால் அதில் ஒன்றுமில்லை,
ஒன்றைத் தவிர.
சேர்ந்து நின்றால் பகா எண் என்று எங்கோ படித்திருந்தாள்.
கணினி கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும்.
அவள் கணினியைக் கேட்கவில்லை.

மூன்றால் வகுத்தாள்: மீதி ஒன்று.
ஏழால்: ஒன்று.
பதினொன்று, பதின்மூன்று: ஒன்று, ஒன்று.
பதினேழு மட்டும் ஒன்பது என்று முரண்டு பிடித்தது.
தன் எண்ணிக்கையான பத்தொன்பதாலேயே வகுத்தபோதும்
கடைசியில் ஒரு குச்சி
பனியில் நின்றது.
ஈவு வருகிறது.
இரக்கம்தான் வரவில்லை.

போன குளிர்காலம் முழுக்க யோசித்ததில் ஒன்று புரிந்தது:
எல்லாக் கதவையும் தட்ட வேண்டாம்.
இதை உடைக்க ஒரு பகா எண் பிறந்திருந்தால்
முப்பத்தெட்டின் ஏதோ ஒரு மடங்கைவிட
ஒன்று கூடுதலாகத்தான் பிறந்திருக்கும்.
நூற்றுத் தொண்ணூற்றொன்று: மீதி எண்பத்து நான்கு.
இருநூற்று இருபத்தொன்பது: மீதி நூற்றெண்பது.
இப்படியே நூற்றைந்து கோடி வரை.
ஓய்வு பெற இன்னும் ஆறு குளிர்காலம்.

கம்பியில்லாக் கருவி கரகரத்தது: போகலாம்.
கட்டை எழுந்தது. வண்டியை உறுமவிட்டவள்
உடனே நிறுத்தினாள்.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
பதினேழு.

பதினெட்டாக இருந்தால் மூன்றே போதும் உடைக்க.
பதினேழு கொஞ்சம் கல்நெஞ்சம், ஆனாலும்
இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து
எழுநூற்று இருபத்து மூன்று என்று ஒருவன் வந்து
மிச்சம் மீதி வைக்காமல் பிளந்துவிடுவான்.

இறங்கினாள். பின்பெட்டியில் உதிரிக் குச்சிகள்.
மீன் லாரிக்காரன் ஜில்வினாஸ்
ஹாரன் அடித்துப் பார்த்து, டார்ச்சோடு வந்தான்.
"இரண்டு குச்சி இல்லாவிட்டால் என்ன?
உன் வாலைப் பிடித்துக்கொண்டுதானே வரப்போகிறோம்."

"பிளந்துவிடும்" என்றாள்.

அவன் சட்டென்று காலடியைப் பார்த்தான்,
பாறையில் எங்கே விரிசல் என்று.
ஓர் அடி பின்வாங்கினான்.
அதன்பின் ஒரு வார்த்தை பேசாமல்
அவள் சம்மட்டியால் அடித்து முடிக்கும்வரை
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
கையுறையெல்லாம் மீன் வாடை.

வளைவில் திரும்பும்போது
பக்கக் கண்ணாடியில் எட்டு ஜோடி விளக்குகள்.
ஏழுதானே வர வேண்டும்?
யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.
கதவு இடுக்கில் செருகிய நோட்டில்
அடுத்த வரி காலி:
நானூற்றுப் பத்தொன்பது.