விலைப்பலகை

நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
முதலாளியின் போனுக்குச் செய்தி வரும்.
ஏணியை நான்தான் சாத்துவேன்.
களுவாஞ்சிக்குடிப் பெருந்தெருவில் அந்நேரம் விழித்திருப்பது
ஒரு நாயும், நானும்,
பெற்றோல் செட்டின் விலைப்பலகையும்.

பேர் வாயில் நுழையாத ஒரு நீரிணையில்
எவனோ கப்பலை மறிக்கிறான்.
இங்கே நான் இரண்டைக் கழற்றி மூன்றை மாட்டுகிறேன்.
டீசல் முந்நூற்றி முப்பத்தொன்பது.
மூன்றுகள் போதவில்லை.
எட்டொன்றின் இடப்பக்கத்தைக்
கறுப்பு ரேப் ஒட்டி மறைத்தோம்.
வெயிலில் அது கழன்ற மத்தியானம்
எண்ணூறு என்று வாசித்துவிட்டு
வரிசையில் நின்ற பூபாலரெத்தினம்
கலனின் மேலேயே குந்திவிட்டார்.

மண்டூர்க்காரர். வெட்டு மெஷின் வைத்திருப்பவர்.
கதிர் சாயத் தொடங்கி நாலு நாள்.
"அமெரிக்காக்காரன் கப்பல்படை அனுப்புறானாம் புள்ள,
சீனாக்காரன் காசை அனுப்புறானாம்.
நம்மட்ட என்ன கிடக்கு அனுப்ப?"
"தேயிலை" என்றான் பின்னால் நின்றவன்.
"அது மலையில. இஞ்ச?"
"எருமைத் தயிர்!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
பவுசர் அன்றும் வரவில்லை.

மறுகா, யாரும் கேட்காமலே சொன்னார்:
குருமண்வெளித் துறையால்
மண்ணெண்ணெய் கொண்டுபோகத் தடையிருந்த காலம்.
சைக்கிள் சட்டத்தின் குழாய்க்குள் ஊற்றி
சீற்றைச் செருகி அடைத்தால்
மூன்று போத்தல் பிடிக்கும்.
வெறுங்குழாயைத் தட்டினால் கிணுகிணுக்கும்.
நிறைந்த குழாய் ஒலிக்காது.
சென்றியில் நின்றவனுக்கு அது தெரிந்திருந்தது.
"சைக்கிளத் தந்தாங்க" என்றார்.
"தம்பியத் தரல்ல."

பிறகு பேச்சில்லை.
ஆரோ ரொபி நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிய பவுசர் வந்தது.
ஆளுக்கு இருபது லீற்றர்.
குழாயை நான் எடுத்த பிறகும்
மூடாமல் கொஞ்சநேரம்
கலன் வாயை மோந்துகொண்டு நின்றார்.
போகும்போது விரல் முட்டியால்
ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.
ஒலிக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் செய்தி:
அங்கே போர்நிறுத்தமாம்,
டீசலுக்கு மூன்று ரூபா குறைப்பு.
அதற்குள் மண்டூரில் வெட்டி முடிந்து
வைக்கோலும் கட்டியாயிற்று.

ஏணியில் ஏறினேன்.
ஒன்பதைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன்,
ஆறாயிற்று.
புது எண் எதுவும் தேவைப்படவில்லை.
மூன்றாக்கிய எட்டு மட்டும் அப்படியே,
ரேப்பின் ஒரு முனை
கடற்காற்றில் அடித்துக்கொண்டு.