பதினாறரை சென்டிமீட்டர்

காகாவ் ஊருக்கு மேலே, கயானாக் காட்டின் விளிம்பில்
வெள்ளைப் படுதாவைக் கட்டி
ஜெனரேட்டரைக் கிளப்பினான் ட்சோங்.
அமாவாசை. மழை விட்ட மறுநாள்.
தோதான இரவு.

முதலில் அந்துப்பூச்சிகள்,
காதுக்குள், சட்டைக்குள், சோற்றுக் கிண்ணத்தில்.
ஒரு மணிக்கு மேல்
யாரோ செருப்பை வீசினாற்போல்
துணியில் மோதி விழுந்தது டைட்டன்.

பென்சிலை நீட்டினாள் பா ஞியா.
நறுக்.
ஒரு துண்டு அவள் மடியில்.

அளந்தார்கள். பதினாறரை.
பதினேழென்றால் லியோன்காரர் இருமடங்கு தருவார்.
"இழுத்துப் பிடி, வளரும்" என்றான்.

இனி எங்கே வளர?
வண்டான பிறகு தீனி கிடையாது அதற்கு.
புழுவாய்ச் சேர்த்த கொழுப்பு தீரும்வரை
பெண் தேடிப் பறக்கும், சில வாரம்.
அந்தப் புழுவை
எந்த மரத்தடியிலும் ஒருவரும் கண்டதில்லை.
படமில்லை. பக்கமில்லை.

அவள் அட்டையிலும்
பிறந்த இடத்துக்கு நேரே ஒரு கோடுதான்.
மீகாங்கைக் கடந்த இரவில்
வயிற்றில் இருந்தாளா, முதுகில் இருந்தாளா,
சொல்ல இருந்தவர்கள் கரையேறவில்லை.

ட்சோங் டப்பா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.
அவள் மூங்கில் அளவுகோலை
அதன் வாய்க்குக் கொடுத்தாள்.
பதினான்கில் முறிந்தது.

"மிச்சத்தை வைத்து அளந்துகொள்."

ஜெனரேட்டர் இரைச்சலில்
அவனுக்குக் கேட்டதோ என்னவோ.