கீழ் டிராயர்

சாவி என்னிடம்தான்.
மேசையின் கீழ் டிராயரில் பதினேழு மாற்றுச் சான்றிதழ்கள்.
எத்திராஜ் சார் வயலெட் மையில் எழுதியவை,
நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் ‘நன்று’.
கையெழுத்து மட்டும் இல்லை.
அது என் வேலை.

பாக்கியைக் கட்டினால் டிசி என்று
தாளாளர் வாயால்தான் சொன்னார்.
எழுதித் தரும்படி நானும் கேட்கவில்லை.

போன வருஷம் வேலூரில் பயிற்சி.
ஓடாத மின்விசிறிக்குக் கீழே
கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு ஐந்து.
‘உடனே’ என்று ஒரு சொல் வருகிறது அதில்.
அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.
பிறகு சாம்பார் சாதம் கொடுத்தார்கள்.
குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இன்று மல்லேஸ்வரி வந்தாள்,
தீப்பெட்டி கம்பெனியிலிருந்து நேராக,
நகக்கண்ணில் மருந்தின் கருஞ்சிவப்போடு.
மகன் தருண், ஆறாம் வகுப்பு பி பிரிவு,
பாக்கி ஏழாயிரத்து நானூறு.
முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.
இதற்கென்று ஒரு முகம் இருக்கிறது,
பதினாறு பேரிடம் பழகியது.

அவள் எதுவும் கேட்கவில்லை.
பைக்குள்ளிருந்து ஒரு நூலகப் புத்தகத்தை எடுத்தாள்.
பறவைகளைப் பற்றியது, காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது.
“இத்த குடுக்காம வந்துட்டான் மேடம்,
ராத்திரில்லாம் சொல்லினே இருந்தான்.”

டிசி?
நானேதான் கேட்டேன்.

“அது இல்லாமயே சேத்துக்கினாங்க மேடம்,
ஆத்துக்கு அந்தாண்ட கவர்மெண்டு இஸ்கூல்ல.
சீட்டு வரும்போது வரட்டும்,
அதுக்காக புள்ள நிக்கக் கூடாது, சட்டம் கீதுன்னாங்க
அந்த டீச்சரம்மா.
இப்ப காலாண்டு பரிட்சை எழுதினு கீறான்.”

மூன்று மாதம்
நான் பூட்டிக் காத்தது
ஒரு தாளை.

எழுந்தவள் நின்றாள்.
“புக்கு வாங்கிக்கினேன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம்.
நாளப்பின்ன கேட்டீங்கன்னா?”

எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி
உடனே கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிராயரைத் திறந்தேன்.
மீதிப் பதினாறு பேரில்
ஆற்றைத் தாண்டியவர்கள் எத்தனை,
அந்த டீச்சரம்மா இல்லாத வாசலில்
திரும்பிப் போனவர்கள் எத்தனை,
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மேலே தருணுடையது.
கையெழுத்துப் போட்டேன்.
தேதிக்கான கட்டம் காலியாக இருக்கிறது.
எத்திராஜ் சார் வாசலில் நிற்கிறார்:
“இன்னா தேதி போடறது மேடம்?”